மஞ்சள் தண்ணீரில் குளித்த பென் டிரைவ்

எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிச் சரட்டில் தாலியை மட்டும் மாட்டுவதில்லை. கூடவே நாலைந்து ஊக்கும் தொங்கும். காலில் முள் குத்தினால் எடுக்க, கொக்கி போன ரவிக்கையை இழுத்துப் பிடிக்க, பஸ்ஸில் பக்கத்தில் உரசுகிறவனுக்குப் பதில் சொல்ல, எல்லாவற்றுக்கும் அந்த ஊக்குதான். பீரோ சாவியை மாட்டியவர்களும் உண்டு. நான் பென் டிரைவை மாட்டியிருந்தேன்.

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில், எங்கள் தெருக் குழாயடியில் அது பெரிய வேடிக்கை.

"இன்னாம்மே, ரெண்டு தாலி கட்டிக்கினு கீற?"

"ஒன்னு சோறு போடுது, ஒன்னு சோறு கேக்குது" என்பேன்.

"எது போடுது, எது கேக்குது?"

"அத வூட்டுக்காரர் இல்லாதப்ப சொல்றேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். பின்னால் சிரிப்பு தெரு முனை வரை கேட்கும்.

என் தொழில் ஜாப் டைப்பிங். மெஷின் இல்லாத ஜாப் டைப்பிங். நகரி, புத்தூர், திருப்பதி, சித்தூர் என்று எந்த ஊரில் வேலை கிடைக்கிறதோ அந்த ஊர் நெட் சென்டரில் மணிக்கணக்குக்கு ஒரு சீட்டு பிடித்து உட்கார்ந்து அடித்துக் கொடுப்பேன். படித்தது தெலுங்கு மீடியம், பத்தாவதோடு சரி. தமிழ் வீட்டில் பேசுவதுதான். எழுத்தை நானேதான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். திருத்தணி பஸ்ஸின் நெற்றி போர்டு, கல்யாணப் பத்திரிகை, பருப்புப் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள், இவைதான் என் பாடப் புத்தகங்கள். பருப்பைக் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவி வைத்துப் படிப்பேன். கதை பாதியில் கிழிந்திருக்கும். மீதியை நானே சொல்லிக்கொள்வேன்.

எஸ்.டி.டி. பூத்துகள் ஜெராக்ஸ் கடைகளாகி, ஜெராக்ஸ் கடைகள் நெட் சென்டர்களாகிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு ஒரு பெட்டி கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். ஒருவர் குவைத்துக்கு, ஒருவர் சென்னைக்கு, ஒருவர் பெங்களூருக்கு. போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பயோடேட்டா வேண்டும். "கூலிக்கு நெய்யிறவனுக்கு இன்னா பயோடேட்டா?" என்று வெட்கப்படுவார்கள். இரண்டு கேள்வி கேட்டால் பத்து வேலை தெரிந்திருக்கும். அத்தனையும் எழுதுவேன். காகிதத்தில் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். "இது நானா?" என்று ஒருவர் கேட்டார். "நீங்கதாண்ணா, நல்ல வெளிச்சத்துல" என்றேன்.

தொல்லை ஒன்றுதான். தெலுங்கு எல்லா மெஷினிலும் இருந்தது. தமிழ் எதிலும் இல்லை. நானே ஏற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்குக் கடைக்காரர் பாஸ்வேர்டு போட வேண்டும். போட்டுக் கொடுத்தாலும் மறுநாள் இருக்காது. இரவு அணைத்துக் காலையில் போட்டால், மெழுகின தரை மாதிரி எல்லாம் அழிந்து பழையபடி வரும்படி பூட்டி வைத்திருப்பார்கள். திருப்பதியில் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். "ஏமம்மா, நா மிஷின்லோ ரோஜூ ஏதோ எக்கிஸ்தாவு!" தினமும் அவர் மெஷினில் எதையோ ஏற்றுகிறேனாம். மூட்டை ஏற்றுகிறேன் என்பதுபோல் சொல்வார்.

அதே கடையில் ஒருநாள் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். பென் டிரைவைச் சொருகினாள். அதற்குள்ளிருந்தே ஒரு புரோகிராமைத் திறந்து வேலை செய்தாள். முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். மெஷினில் அவள் வந்து போன சுவடே இல்லை. கடைக்காரரை யாரும் கேட்கவும் இல்லை, அவர் கத்தவும் இல்லை. நான் அவள் துப்பட்டாவைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். "இது எப்படி பாப்பா?" "அக்கா, இதுக்கு இன்ஸ்டாலே வேணாம். டிரைவ்லயே இருக்கும், டிரைவ்லயே ஓடும்" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை ஒரு மாதம் முட்டி மோதி நானே கண்டுபிடித்தேன்.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். வீட்டுக்கு வரும் விருந்தாளி இரண்டு வகை. ஒருவர் வந்ததும் சுவரில் ஆணி அடித்துச் சட்டையை மாட்டுவார், உங்கள் தட்டில் சாப்பிடுவார், உங்கள் பாயில் படுப்பார். அவர் போன பிறகும் ஆணி இருக்கும். இன்னொருவர் தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தன் மூட்டையில் கொண்டு வருவார். போகும்போது சுருட்டிக்கொண்டு போய்விடுவார். முதலாமவர் இன்ஸ்டால் செய்கிற சாஃப்ட்வேர். இரண்டாமவர் என் கழுத்தில் தொங்கியவர்.

அதில் எல்லாம் வைத்திருந்தேன். தமிழ் அடிக்க ஒன்று. ஆங்கில எழுத்தில் 'amma' என்று தட்டினால் திரையில் 'அம்மா' வரும், எழுத்து வடிவத்தையும் அது தன் பைக்குள்ளேயே வைத்திருக்கும். கடிதம் அமைக்க ஒன்று, போட்டோவைச் சுருக்க ஒன்று. விரல் நீளத்தில் ஒரு ஆபீஸ். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை ஊருக்கே தெரியும். நான் இரவல் மெஷினில் உட்கார்ந்தாலும் கந்தை என்னுடையது.

இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒரு ஃபோல்டரைப் பிடித்து இன்னொரு டிரைவில் போட்டால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் ஆகிவிடும். அப்படி வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் புத்தூரில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தார். தெலுங்குக்காரர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளச் சென்னைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், லீவு லெட்டர் வேண்டும் என்று அவர் கடைக்குத்தான் போவார்கள். அவருக்குத் தமிழ் பேச்சு வரும், எழுத்து வராது. கேட்டார், கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "உன் பார்ட்டிய இஸ்துக்கிற ஆளுக்கே தொழில எடுத்துக் குடுத்துட்டு வந்து நிக்கிற. ஊரார் வூட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு!"

"ஊரார் வூட்டு நெய் இல்லீங்க, நம்ம வூட்டு மோரு. ஒறைக்குக் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்? நாளைக்கு நம்ம வூட்ல பால் திரிஞ்சா அவங்க வூட்லதான வாங்கணும்?"

"கம்ப்யூட்டர்ல ஏதும்மே மோரு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். வாய்ப் பேச்சில் என்னை ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் அவர் கூலிக்குப் போகும் பவர்லூம் ஷெட்டில் வாரத்தில் மூன்று நாள்தான் தறி ஓடியது. பெங்களூரில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருக்கும் அவர் அண்ணன் போன் செய்துகொண்டே இருந்தார். "ஆயுத பூஜ முடிச்சிக்கினு வந்துடுங்கடா. ரெண்டு பேருக்கும் வேல சொல்லி வச்சிக்கீறேன்." நாங்கள் போனால் வீட்டைப் பூட்ட வேண்டும். என் மாமியார் திருத்தணியில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த மகளுக்கும் அவருக்கும் ஒருநாள் ஒத்துப்போகும், ஆறு நாள் ஒத்துப்போகாது. எனக்கு அங்கே நூல் வெட்டும் வேலை. சட்டையில் பிசிறு வெட்டுவது. கேவலமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் பருப்புப் பொட்டலத்தில் கற்ற எழுத்து எனக்கு ஒரு தொழிலாக வந்திருந்தது, அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

அப்போதுதான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிற தமிழ் நோயாளிகளுக்கு, என்ன சாப்பிடலாம், எப்போது குளிக்கலாம் என்று தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். ஆபீஸ் மேடம் தெலுங்குக்காரர், தமிழ் தெரியாது, கறாரான ஆள். தெலுங்கில்தான் சொன்னார். "விஜயதசமி அன்னிக்கு வாங்க. புது ஆள அன்னிக்குத்தான் சேர்ப்போம். வந்து அடிச்சுக் காட்டுங்க. ஒரு மணிக்கு டாக்டர் வருவாரு, அவர் கையில பேப்பர் போகணும்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். யோசித்தார். "கெடச்சா நின்னுடலாம். கெடைக்கலன்னா மறுநாளே ரயிலு. அப்பால பேச்சு கூடாது."

"கூடாது" என்றேன். எனக்குப் பயமே இல்லை. அந்த வேலையை எனக்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை மாமியார் கையை நீட்டினார்.

"குடு."

"இன்னா அத்த?"

"கழுத்துல தொங்குதே, அது. அவன் தறி நாடா, கத்திரி, சைக்கிளு எல்லாம் பூஜைக்கு வருது. உன் சாமான் மட்டும் ஏன் வராம கீது? நீயும் அதுலதான துன்ற?"

கேட்டது யார்? கல்யாணமாகி வந்ததிலிருந்து "ஊர் சுத்தப் போறா" என்று மட்டுமே என் வேலையைச் சொன்னவர். ஊக்கிலிருந்து கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு நான் சுண்டல் தாளிக்கப் போனேன். போகாமல் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

சாயங்காலம் சாமி முன்னால் வரிசையாக எல்லாம் இருந்தன. சைக்கிள் பம்பு, கத்திரி, தறியில் நூல் ஓட்டும் நாடா, அரிவாள்மனை. கடைசியில் ஒரு வெற்றிலைமேல் என் பென் டிரைவ், முதுகில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மூடியை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, சின்னதாக ஒரு சாமந்திப் பூவோடு. அழகாக இருந்தது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. தொட்டால் தொழில் கோபித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் அன்று ஒரு தறிகூட ஓடாது, யாரும் ஒரு நூலைக்கூட அறுக்க மாட்டார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்.

விஜயதசமி காலை அதை எடுத்து ஊக்கில் மாட்டிக்கொண்டு ரயிலேறினேன். மாமியார் வாசல்வரை வந்து, "பொட்ட அழிச்சிடாத" என்றார்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். சித்தூர்க்காரன், டிகிரி படித்தவன், மடியில் பிளாஸ்டிக் உறையில் சர்டிபிகேட்டுகள். அவன் தமிழ் சாஃப்ட்வேரை சிடியில் கொண்டு வந்திருந்தான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் சிடியைத் தொடவே இல்லை. "இன்ஸ்டால் சேயகூடது. டாக்டர் ஆர்டர்." எதையும் ஏற்றக் கூடாதாம். தம்பியின் முகம் வாடிப்போனது.

நான் எழுந்தேன். "இன்ஸ்டால் வேணாங்க. சொருகி அடிச்சிட்டு எடுத்துக்கினு போயிடுவேன். உங்க மிஷின்ல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்." அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பொட்டு வைத்த பென் டிரைவை ஒருமுறை பார்த்தார். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கை நீட்டினார். நான் ஊக்கிலிருந்து கழற்றி, மூடியைத் திறந்து கொடுத்தேன். அவர் சொருகினார்.

விளக்கு ஒருமுறை மினுக்கென்றது. பிறகு இல்லை. திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கிப் பார்த்தார், கையை உதறினார். சுட்டது. மெல்லிய ஒரு கருகல் வாடை. அதன் வாயிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் மேசைமேல் விழுந்தது.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் கண்முன் வந்தது. பூஜைக்கு வைக்கும் முன் சாமானைக் கழுவ வேண்டும் அல்லவா? நாடாவைக் கழுவினார், கத்திரியைக் கழுவினார், மஞ்சள் தண்ணீரில் இதையும் முக்கி எடுத்திருக்கிறார். மேலே துடைத்துவிட்டு மூடியையும் அக்கறையாக மாட்டிவிட்டார். ஒரு பகல், ஓர் இரவு, தண்ணீர் உள்ளேயே. நானும் தொழில் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று தொடாமல் இருந்தேன்.

"ஏமைந்தி?" என்றார் மேடம், என்ன ஆயிற்று என்று.

"குளிச்சிட்டு வந்திருக்குது மேடம், கொஞ்சம் ஈரம்" என்றேன். வாய் தன்பாட்டுக்குப் பேசியது. பெங்களூர் ரயில் புகையில்லாமலே எனக்குத் தெரிந்தது. "ஒரு மணிக்குள்ள வேற கொண்டாறேன். டைம் குடுங்க."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாகியிருந்தது. "ஒரு மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் அடுத்த விஜயதசமிதான்."

வாசலுக்கு வந்து புத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தார்.

"கம்ப்யூட்டருக்கு யாருனா ஸ்நானம் பண்ணுவாங்களாம்மா? நா கடையில பொட்டு மாத்ரமே!" அவர் கடையில் பொட்டு மட்டும்தானாம்.

"அண்ணா, சிரிக்கிறத அப்பால சிரிங்க. நான் குடுத்த ஃபோல்டர் இருக்குதா?"

"இருக்குது. நீ குடுத்தது நீ குடுத்த மாதிரியே இருக்குது. இரு."

அதை மெயிலில் அனுப்ப முயன்றார், போகவில்லை. மெயில்காரர்கள் புரோகிராம் ஃபைலைக் கண்டால் பயந்து நிறுத்திவிடுவார்களாம். பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டார். "என் டிரைவ்ல போட்டு பஸ்ல அனுப்பிட்டேன். டிரைவர் சட்டப் பையில கீது. பஸ் ஸ்டாண்டுக்குப் போ. டென்ஷன் வேணாம்."

டிரைவரின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. பஸ் போர்டைப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று போனால், முதல்நாள் பூஜை முடிந்த பஸ்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் இரண்டு வாழைக்கன்று, குறுக்கே சாமந்தி மாலை. போர்டு எங்கே, நம்பர் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. உள்ளே நுழையும் ஒவ்வொரு பஸ்ஸின் பின்னாலும் ஓடினேன். "டிரைவரண்ணா, புத்தூர்ல எனக்குன்னு ஏதாவது குடுத்தாங்களா?" ஒருவர் சிரித்தார். ஒருவர் "இது காளஹஸ்தி பஸ்ஸும்மா" என்றார். ஒருவர், "பூசணிக்கா வேணும்னா கீது, எடுத்துக்கோ" என்றார்.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு பஸ்ஸிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"கழுத்துல ஊக்கோட ஒரு அம்மா ஓடிக்கினு இருக்கும்னு சொன்னாரு. நீதானா?"

"நாந்தாண்ணா!"

"இம்மாந்தூண்டு கீது, இதுக்கு ஆஸ்பத்திரி கட்டு வேற" என்று எடுத்துக் கொடுத்தார்.

பார்த்தேன். பக்கத்துக் கட்டுப் போடுகிற இடத்திலிருந்து வாங்கியிருப்பார் போலிருக்கிறது. பென் டிரைவின் இரண்டு பக்கமும் இரண்டு மூங்கில் தப்பை வைத்து, துணி சுற்றி, எலும்பு முறிந்த கைக்குக் கட்டுவதுபோலவே கட்டி அனுப்பியிருந்தார் புத்தூர்க்காரர். பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று சிரித்தேன். சிரிப்பில் கண்ணீரும் வந்தது. நேரமில்லை, துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கட்டைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கம்ப்யூட்டர் ஆள் சொருகினார், வைரஸ் பார்த்தார். விளக்கு எரிந்தது. நிலைத்து எரிந்தது. என் ஃபோல்டர், நான் வைத்த பெயரோடு, நான் அடுக்கிய வரிசையில், திரையில் வந்து நின்றது. வேறொருவர் வீட்டிலிருந்து திரும்பி வந்த என் மோர். திறந்தேன். 'amma' என்று தட்டினேன். 'அம்மா' என்று வந்தது.

நர்ஸ் ஒரு தாளைத் தெலுங்கில் வாசித்தார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று. நான் கேட்கக் கேட்கத் தமிழில் அடித்தேன். என்ன ஒரு சுகம் தெரியுமா, ஒரு காதில் தெலுங்கு நுழைந்து விரல் வழியாகத் தமிழாக இறங்குவது. எங்கள் தெருவில் எல்லோரும் நாளெல்லாம் செய்வதுதான் அது. யாரும் அதற்குச் சம்பளம் உண்டென்று சொன்னதில்லை.

பிரிண்ட் எடுத்து நிமிர்ந்தேன். பன்னிரண்டரை. சித்தூர்த் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நானும் அதுலயே ஒருவாட்டி அடிச்சுக்கவா?"

உண்மையைச் சொல்கிறேன். என் கை அந்த டிரைவின் மேல் மூடிக்கொண்டது. அவனிடம் டிகிரி இருந்தது, சர்டிபிகேட் இருந்தது, நல்ல தமிழ் இருந்தது. அவனிடம் இல்லாதது என் விரலடியில் இருந்த ஒன்றுதான். எடுத்து ஊக்கில் மாட்டிக்கொண்டு, "நேரமாயிடுச்சு தம்பி" என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டில் பெட்டி கட்டிவைத்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

விரலில் ஏதோ உறுத்தியது. மூங்கில் சிம்பு. அந்தக் கட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. நான் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த டிரைவே இங்கே வந்திருக்காது.

"உக்காரு தம்பி" என்று எழுந்தேன். எப்படி அடிப்பது என்றும் காட்டிக் கொடுத்தேன். கெட்டிக்காரன், ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான்.

இரண்டு தாளும் மேடம் கைக்குப் போயின. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பட்டுச் சேலை வாங்குகிறவர் மாதிரி. பிறகு எழுந்து வார்டுக்கு நடந்தார், நாங்களும் பின்னால். திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, படுத்திருந்த தன் புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். "மீக்குத் தமிழ் சதவடம் வச்சா?" என்று மேடம் கேட்டதை நான், "தமிழ் படிப்பீங்களாம்மா?" என்று கேட்டேன். "அஞ்சாவது வரிக்கும்" என்றார். தாள்கள் அவர் கைக்குப் போயின. யாருடையது எது என்று சொல்ல வேண்டாம் என்று மேடம் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

முதலில் தம்பியுடையது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்த அம்மா விரல் வைத்துப் படித்தார். "திட உணவினைத் தவிர்க்கவும். பாரமான பொருட்களைத் தூக்குதல் கூடாது. தையலிடப்பட்ட பகுதியை ஈரப்..." நிறுத்தினார். "திட உணவுன்னா இன்னாம்மா? கடையில விக்கிதா?"

அடுத்தது என்னுடையது. "மூன்று நாள் கஞ்சி, இட்லி மட்டும். சோறு நாலாம் நாள். குடம் தூக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது, தறியில் உட்காரக் கூடாது. தையல் போட்ட இடத்தில் தண்ணீர் படக் கூடாது..." அந்த அம்மா படிப்பதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தார். "கேட்டுக்கினியா? மூணு நாளைக்கு சோறு கெடையாது உனக்கு. எழுத்துல போட்டுக்கீறாங்க."

படுத்திருந்தவர் முனகினார். "எவ எழுதினா இத?"

மேடத்துக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. தம்பியும் சிரித்துவிட்டான். ஒரு மணிக்கு டாக்டர் வந்தார், தாளைப் பார்த்தார், மேடம் சொன்னதைக் கேட்டார், தலையாட்டிவிட்டுப் போனார். "ரேப்பட்டினுஞ்சி ரண்டி" என்றார் மேடம். நாளையிலிருந்து வாருங்கள்.

படியிறங்கும்போது தம்பியிடம், "உன் டிரைவ் இருந்தா குடு, ஃபோல்டர போட்டுத் தர்றேன்" என்றேன். "டிரைவ் இல்லக்கா, சிடிதான்" என்றான். "வாங்கிக்கினு வா. நாளைலேந்து நான் இங்கதான் இருப்பேன்." அப்படிச் சொன்னபோதுதான் எனக்கே அது உறைத்தது. நாளையிலிருந்து நான் இங்கேதான்.

ஒரு மாதம் கழித்து வந்து வாங்கிக்கொண்டு போனான். சித்தூரில் சொந்தமாகக் கடை போட்டான். கேட்டவர்களுக்கெல்லாம் அவனும் கொடுக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் வீட்டுக்காரர் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். பெட்டியைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு, "அண்ணனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு, உனக்குத்தான் பேச வரும்" என்றார். புத்தூர்க்காரர் கதையைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆளுக்கு வடை எடுத்துக்கினு போ" என்றார். தோற்றதை அவர் ஒப்புக்கொள்கிற வழி அது.

மாமியாருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"நான் வச்ச பொட்டு வேல செஞ்சிச்சா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"செஞ்சிச்சி அத்த. அத்தினி பேரும் கேட்டாங்க, யாரு வச்சதுன்னு."

அவர் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார். திருத்தணி மகளுக்குப் போன் போட்டு, தான் அங்கே வரவில்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

வேலை செய்கிற டிரைவை இன்றுவரை ஆயுத பூஜைக்கு நான் கொடுப்பதில்லை. அது அன்று என் கைப்பையில், காய்ந்த துணியில் சுற்றி இருக்கும். மஞ்சள் தண்ணீரில் செத்துப்போன அந்தப் பழைய டிரைவ் ஊக்கிலேயே தொங்குகிறது. வருஷா வருஷம் மாமியார் கை நீட்டுவார், அதைத்தான் கழற்றிக் கொடுப்பேன்.

"இந்த வாட்டி நல்லா தேய்ச்சிக் குளிப்பாட்டுங்க அத்த" என்பேன். குளிப்பாட்டுவார்.